சனிக்கிழமைச் சபைகள்: எபியோனியரும் ஏகரட்சகர் சபையாரும்

திருமலைக் கல்யாணகட்டாவில் முடி இறக்கிவிட்டு, சந்தனம் பூசிய தலையோடு மலையிறங்கி வருகிறவரைப் பார்த்து எங்கள் சித்தூர்ப் பக்கத்தில் யாரும் காரணம் கேட்பதில்லை. ஏதோ வேண்டுதல், நிறைவேறியிருக்கிறது, காணிக்கை செலுத்தியாயிற்று. வேளாங்கண்ணிக்குப் போகும் கத்தோலிக்கர்களும் இதையே செய்கிறார்கள். ஆகவே அப்போஸ்தலர் நடபடிகளின் 21ஆம் அதிகாரம் ஐரோப்பிய வாசகரைக் காட்டிலும் நமக்குச் சுலபமாகப் புரியவேண்டும். பல ஆண்டு ஊழியத்துக்குப் பிறகு பவுல் எருசலேமுக்கு வருகிறார். சபைத் தலைவரான யாக்கோபும் மூப்பர்களும் அவரை உட்கார வைத்துப் பேசுகிறார்கள். இங்கே பல்லாயிரம் யூதர்கள் விசுவாசிகளாகிவிட்டார்கள், அத்தனை பேரும் நியாயப்பிரமாணத்தில் வைராக்கியமுள்ளவர்கள், நீ மோசேயைக் கைவிடச் சொல்லிப் போதிப்பதாக அவர்களுக்குச் செய்தி எட்டியிருக்கிறது என்கிறார்கள். அதற்கு அவர்களே ஒரு வழியும் சொல்கிறார்கள். பொருத்தனை செய்துகொண்ட நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களோடு நீயும் சுத்திகரித்துக்கொள், அவர்கள் தலை சிரைத்துக்கொள்ளும் செலவை நீயே ஏற்றுக்கொள். மறுநாள் பவுல் அந்த நால்வரோடு தேவாலயத்துக்குள் போகிறார்.

இயேசு இறந்து கால் நூற்றாண்டு கடந்தபின் நடப்பது இது. அவரை மேசியா என்று நம்பியவர்கள் ஆலயத்துக்குப் போனார்கள், பலிகளுக்குப் பணம் கட்டினார்கள், ஓய்வுநாளை ஆசரித்தார்கள், பிள்ளைகளுக்கு எட்டாம் நாளில் விருத்தசேதனம் செய்தார்கள். பிற்காலத்தில் திருச்சபை எதைத் துரோகம் என்று முத்திரை குத்தியதோ, அது தொடக்கத்தில் தாய்ச்சபையின் அன்றாட வாழ்க்கையாக இருந்தது. இதை மனத்தில் இருத்திக்கொண்டுதான் எபியோனியரையும் நசரேயரையும் அணுகவேண்டும். அவர்களோடு சேர்த்து வைத்துப் பார்க்க இந்தியாவிலேயே ஒரு சபை இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில், நாசரேத் ஊருக்குப் பக்கத்துப் பிரகாசபுரத்தில், 1857–58 அளவில் அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை தொடங்கிய இந்து கிறிஸ்தவ சபை அது. ஏகரட்சகர் சபை என்றும் அதற்குப் பெயர். அதுவும் சனிக்கிழமையையே ஓய்வுநாளாக வைத்துக்கொண்டது.

முதலில் எருசலேம். கர்த்தருடைய சகோதரர் என்று அழைக்கப்பட்ட யாக்கோபைப் பற்றி இரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் ஹெகெசிப்பஸ் சொன்னதை யூசேபியஸ் தம் திருச்சபை வரலாற்றில் எடுத்து வைத்திருக்கிறார். யாக்கோபு மது தொடமாட்டார், புலால் உண்ணமாட்டார், தலையில் சவரக்கத்தி படவிடமாட்டார், நார்மடி வஸ்திரமே உடுத்துவார்; ஆலயத்தில் ஓயாமல் முழங்காலிட்டு ஜனங்களுக்காக மன்றாடியதில் அவர் முழங்கால்கள் ஒட்டகத்தின் முழங்கால்போல் காய்த்துப் போயிருந்தன. பக்தி மிகுதியில் கூட்டிச் சொன்னது இதில் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் பக்தர் கூட்டம் எதைப் போற்றியதோ அதைத்தானே கூட்டிச் சொல்லும்? கி.பி. 62இல் ரோம ஆளுநர் ஒருவர் இறந்து அடுத்தவர் வந்து சேராத இடைவெளியில், பிரதான ஆசாரியன் அனனுஸ் யாக்கோபைக் கல்லெறிந்து கொல்லச் செய்தான். இதைக் கண்டு கொதித்தவர்கள் நியாயப்பிரமாணத்தில் கண்டிப்பானவர்கள் என்று எழுதுகிறார் கிறிஸ்தவரல்லாத யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ். அவர்கள் முறையிட்டதில் அனனுஸின் பதவியே போயிற்று. நகரத்து யூத ஆசாரசீலர்கள் யாக்கோபைத் தங்களில் ஒருவராகவே நினைத்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

புறஜாதியாரை என்ன செய்வது என்ற கேள்வி 49 அளவில் எருசலேம் ஆலோசனைக் கூட்டத்துக்கு வந்தது. அவர்களுக்கு விருத்தசேதனம் வேண்டாம். விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம் இவற்றை விலக்கினால் போதும் என்று முடிவாயிற்று. இந்தத் தீர்ப்பைச் சொன்னவரும் யாக்கோபுதான். ஆனால் பந்தி என்று வந்தபோது தீர்ப்பு போதவில்லை. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்; யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டார். பவுல் முகத்துக்கு நேரே எதிர்த்தார். கலாத்தியர் நிருபத்தில் அந்தக் கோபம் இன்றும் ஆறாமல் இருக்கிறது.

பிறகு ரோமரோடு யுத்தம். 70இல் ஆலயம் எரிந்தது. அதற்கு முன்பே சபையார் யோர்தானுக்கு அப்பால் பெல்லாவுக்குப் போய்விட்டார்கள் என்கிறார் யூசேபியஸ். 132 முதல் 135 வரை நடந்த பார் கோக்பா கலகத்துக்குப் பிறகு ரோமர்கள் யூதர்களை எருசலேமுக்குள் நுழையவே விடவில்லை. அதுவரை விருத்தசேதனமுள்ள ஆயர்களே தொடர்ந்திருந்த அந்தச் சபைக்கு, மார்க்குஸ் என்ற புறஜாதியார் ஆயரானார். தாய்ச்சபையின் பிள்ளைகள் யோர்தானுக்குக் கிழக்கேயும் சிரியாவிலும் சிறு கூட்டங்களாகச் சிதறினார்கள்.

சிதறியவர்களைத்தான் பிற்காலத்தார் எபியோனியர், நசரேயர் என்று பெயரிட்டுக் கண்டனம் எழுதினார்கள். எபியோனியர் என்றால் எளியவர். 180 அளவில் லியோன் ஆயர் இரேனேயுஸ் எழுதியதன்படி, அவர்களுக்கு மத்தேயு சுவிசேஷம் ஒன்றே வேதம். பவுல் நியாயப்பிரமாணத்தைவிட்டு விலகிய துரோகி. எருசலேம் கடவுளின் வீடு, அதை நோக்கியே தொழுகை. இயேசு யோசேப்புக்கும் மரியாளுக்கும் பிறந்த மனிதர் என்று அவர்கள் நம்பினார்கள். நியாயப்பிரமாணத்தைக் குறைவின்றி நிறைவேற்றியதால் அவர் கிறிஸ்து ஆனார், அப்படி நிறைவேற்றும் எவரும் அந்நிலையை எட்டலாம் என்பது அவர்களில் ஒரு சாராரின் கொள்கை. கன்னிப் பிறப்பை ஏற்ற எபியோனியரும் உண்டு என்று ஓரிகன் பிரித்துக் காட்டுகிறார். ஓய்வுநாளோடு ஞாயிறையும் சேர்த்து ஆசரித்தவர்கள் இருந்ததை யூசேபியஸ் குறிக்கிறார்.

370களில் சைப்ரஸ் தீவின் ஆயர் எபிபானியுஸ், எல்லா மதபேதங்களையும் பாம்புகளாக உருவகித்துப் பெரிய நூல் ஒன்று எழுதினார். அதில் எபியோனியரின் சுவிசேஷத்திலிருந்து சில துண்டுகள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்றை நெருங்கிப் பார்க்கலாம். யோவான் ஸ்நானகன் வனாந்தரத்தில் வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் உண்டான் என்பது நாமறிந்த வாசகம். இவர்களுடைய சுவிசேஷத்தில் வெட்டுக்கிளி இல்லை. எண்ணெயில் சுட்ட அப்பத்தின் சுவையுள்ள தேன் இருக்கிறது. கிரேக்கத்தில் ஓரிரு எழுத்து மாறினாலே வெட்டுக்கிளி அப்பமாகிவிடும். புலால் உண்ணாதவர்கள் தீர்க்கதரிசியின் இலையிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். அதே சுவிசேஷத்தில் இயேசு பலிகளை ஒழிக்க வந்தவராகப் பேசுகிறார். நாள்தோறும் நீராடுவதும், அப்பத்தையும் வெறும் தண்ணீரையும் வைத்துத் திருவிருந்து நடத்துவதும் அவர்கள் வழக்கம். ஆலயம் எரிந்துபோன ஒரு ஜனம், பலியில்லாமலே மோசேக்கு உண்மையாக இருக்க வழி தேடியிருக்கிறது; நான் அதை அப்படித்தான் வாசிக்கிறேன்.

நசரேயர் வேறு வகை. அலெப்போ என்று இன்று சொல்லப்படும் பெரோயாவில் இருந்த அவர்கள் எபிரெய மொழிச் சுவிசேஷத்தை வைத்திருந்தார்கள். இயேசுவைத் தேவகுமாரன் என்று ஏற்றார்கள். புறஜாதியாருக்குப் பவுல் செய்த ஊழியத்தையும் மதித்தார்கள். தங்கள் முன்னோரின் சட்டத்தைத் தாங்கள் விடமாட்டோம் என்று மட்டும் சொன்னார்கள். 404 அளவில் அகஸ்டினுக்கு எழுதிய கடிதத்தில் ஜெரோம் அவர்களைப் பற்றி, யூதராகவும் கிறிஸ்தவராகவும் ஒருசேர இருக்க விரும்பி இரண்டும் ஆகாமல் போனவர்கள் என்று தீர்ப்பெழுதினார்.

இப்போது திருநெல்வேலி. 1849இல், இடையன்குடியில் ஊழியம் செய்துவந்த ராபர்ட் கால்டுவெல் ஆங்கிலத்தில் ‘தின்னவேலி ஷானார்ஸ்’ என்ற நூலை வெளியிட்டார். பிற்காலத்தில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதித் தமிழருக்குப் பெருமை சேர்த்த அதே கால்டுவெல்தான். பனைத்தொழிலை நம்பி வாழ்ந்து கூட்டம் கூட்டமாகக் கிறிஸ்தவத்துக்கு வந்திருந்த நாடார் சமூகத்தை, இலங்கையிலிருந்து வந்தேறியவர்கள், பேய்களை வணங்குகிறவர்கள், அறிவில் மந்தமானவர்கள் என்று அந்த நூல் சித்திரித்தது. இங்கிலாந்தில் மிஷனுக்கு ஆதரவு திரட்ட எழுதிய நூல், சொந்தச் சபையாரின் கையிலேயே வந்து விழுந்தது. அவர்களில் தமிழும் வேதமும் கற்றுத் தேர்ந்த ஒருவர் அருமைநாயகம். நாசரேத்தில் எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்க மிஷனின் உபதேசியாராக இருந்து, அங்கிருந்த மிஷனரி கேமரரோடு மோதி வேலையிழந்தவர் அவர். தன் ஜாதியின் மானத்துக்காகக் கால்டுவெல்லை எதிர்த்து நெடுங்காலம் போராடினார். போராட்டத்தோடு நிற்காமல் ஒரு சபையையே கட்டினார்.

அந்தச் சபையில் வெள்ளைக்கார மிஷனரிக்கு இடமில்லை. அபிஷேகம் பெற்ற குருமாரும் இல்லை. குழந்தை ஞானஸ்நானம் கைவிடப்பட்டது. திருவிருந்தில் புளிக்காத திராட்சரசம். ஓய்வுநாள் சனிக்கிழமை. யூதப் பண்டிகைகள் உண்டு. தரையில் உட்கார்ந்தும் சாஷ்டாங்கமாக விழுந்தும் தொழுதார்கள். சாம்பிராணி புகைந்தது, நம் நாட்டு வாத்தியங்கள் ஒலித்தன. சட்டாம்பிள்ளையின் வாதம் இதுதான்: வேதாகமம் கிழக்கத்திய நூல், அதிலுள்ள ஆசாரங்கள் இந்துக்களின் ஆசாரங்களுக்கு அருகில் இருக்கின்றன, ஐரோப்பியரின் பழக்கங்களுக்குத் தூரத்தில் இருக்கின்றன. அவர் சொன்னதைச் சோதிக்க யாத்திராகமத்தைத் திறந்தால் போதும். எரியும் முட்செடியருகே மோசே பாதரட்சையைக் கழற்றுகிறார். ஆசாரியர்கள் கைகால் கழுவிவிட்டுக் கூடாரத்துக்குள் போகிறார்கள், தலையில் பாகை கட்டுகிறார்கள், காலையும் மாலையும் தூபம் காட்டுகிறார்கள். ஆங்கிலேயனோ தொப்பியைக் கழற்றிவிட்டு, பூட்ஸ் காலோடு கோயிலுக்குள் வந்து பெஞ்சியில் உட்காருகிறான். இதில் எது வேதமுறை என்று பிரகாசபுரத்துப் பனையேறி கேட்டால், ஆக்ஸ்போர்டில் படித்தவரும் பதில் சொல்லத் திணறத்தான் வேண்டும்.

சனிக்கிழமை, மோசேயின் ஆசாரங்கள், மதுவில்லாத திருவிருந்து என்று இரண்டு சபைகளும் இத்தனை ஒத்திருப்பதைப் பார்த்து, ஒன்று மற்றொன்றின் மறுபிறவி என்று சொல்லிவிட ஆசை எழும். அது சரியாகாது. எபியோனியருக்கு நியாயப்பிரமாணம் பிதிரார்ஜிதம். பிறந்த எட்டாம் நாளில் உடம்பில் ஏறியது. அப்பனும் பாட்டனும் அதற்காக உயிர் கொடுத்தார்கள். அவர்கள் அதை எங்கிருந்தும் எடுத்து வரவில்லை, விடச்சொன்னபோது விட மறுத்தார்கள். சட்டாம்பிள்ளைக்கு மோசே அயல்நாட்டு முன்னோர். தமிழ் நாடார் ஒருவர் யூதச் சட்டத்தைத் தேடிப்போய் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அது மிஷனரியால் மறுக்கமுடியாத சட்டம் என்பதுதான். உன் ஆசாரம் அஞ்ஞானம் என்று மிஷனரி சொன்னான். உன் தேவனே சீனாய் மலையில் இதைத்தான் கட்டளையிட்டார் என்று சட்டாம்பிள்ளை பதில் சொன்னார். முன்னவர்களுக்கு நியாயப்பிரமாணம் பிறந்த வீடு. இவருக்கு அது மேல்முறையீட்டு நீதிமன்றம். எருசலேமின் யூதக் கிறிஸ்தவர் யூதராகவே இருப்பதற்காக மோசேயைப் பிடித்துக்கொண்டார்; பிரகாசபுரத்தார் தமிழராக இருப்பதற்காக மோசேயைப் பிடித்துக்கொண்டார்.

இந்த வேறுபாட்டிலிருந்து மற்றவை பிறக்கின்றன. எபியோனியரின் சண்டை இயேசு யார் என்பதில் போய் முடிந்தது. மனிதரா, தேவனா, மேலிருந்து இறங்கியவரா, உயர்த்தப்பட்டவரா என்ற கேள்விகள் அவர்கள் காலத்தில் திறந்தே இருந்தன. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் ஒரே பட்டியலாக அத்தனாசியுஸின் கடிதத்தில் வருவதே 367இல்தான். ஆகவே ஒரு சுவிசேஷத்தை மட்டும் வைத்துக்கொள்ளவும், பவுலை வேண்டாமென்று தள்ளவும் அவர்களால் முடிந்தது. சட்டாம்பிள்ளையின் கையில் இருந்தது தமிழில் அச்சாகி, அட்டை கட்டிய முழு வேதாகமம். இயேசு ஒருவரே ரட்சகர் என்பதைச் சபையின் பெயரிலேயே வைத்தார். கிறிஸ்துவைப் பற்றி மிஷனரியோடு அவருக்கு வழக்கில்லை. கிறிஸ்துவுக்கும் தமிழனுக்கும் நடுவில் மிஷனரி நிற்பதுதான் வழக்கு.

அந்தியோகியாவின் பந்திக்கு வரும்போது எனக்கு மனம் இரண்டாகிறது. திருநெல்வேலியில் பவுலின் இடத்தில் நின்றது யார்? புறஜாதியார் யூதராக மாறவேண்டியதில்லை என்று பவுல் வாதாடியதை நினைத்தால், தமிழன் ஆங்கிலேயனாக மாறவேண்டியதில்லை என்ற சட்டாம்பிள்ளைதான் பவுலின் வாரிசு. யாக்கோபின் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பவுலின் வழக்கைப் பேசியவர் அவர். ஆனால் பவுல் பேதுருவைக் கண்டித்தது சேர்ந்து சாப்பிடாததற்காக. அந்தக் கோணத்தில் பார்த்தால், ஜாதியை விடாமல் பந்திக்கு வரக்கூடாது என்ற மிஷனரிகள்தான் பவுலின் பக்கம் வருகிறார்கள். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் ஜாதியே கூடாது என்று ஆணையிட்டார். எங்கள் ஊரும் இந்தக் கதையில் இருக்கிறது. ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் தொடங்கிய ஆற்காடு மிஷன், அன்று வடஆற்காடு மாவட்டத்தின் தலைநகராயிருந்த சித்தூரிலும் வேரூன்றியது. ஜாதியை முழுவதும் துறந்தால்தான் சபையில் சேரலாம் என்பது அவர்கள் விதி. முரட்டுத்தனமான விதிதான். தலித் மக்களுக்கு அது எத்தனை பெரிய வாசலாயிருந்தது என்பதையும் சொல்லியாகவேண்டும். ஏகரட்சகர் சபை ஏறக்குறைய ஒரே ஜாதியின் சபையாகவே நின்றுவிட்டது. தீட்டும் சுத்திகரிப்பும் வேதத்தில் இருக்கின்றன என்று நிரூபித்துவிடலாம். அந்தத் தீட்டைச் சுமக்கிறவர்கள் பெண்களும் ஒதுக்கப்பட்டவர்களும் என்பதை எந்த வேத வசனத்தாலும் மறைத்துவிட முடியாது. சட்டாம்பிள்ளையின் மீது எனக்குள்ள மரியாதை இந்த இடத்தில் தயங்கி நிற்கிறது.

கால்டுவெல்லுக்கும் ஒரு நியாயம் செய்துவிட வேண்டும். கிறிஸ்தவர்களாகிறவர்கள் குடுமியை வெட்டியே ஆகவேண்டும் என்று சில மிஷனரிகள் வற்புறுத்தியபோது, குடுமி உலக வழக்கமேயன்றி மத அடையாளம் அன்று என்று வாதாடி 1867இல் எழுதியவரும் அவரே. எது மதம், எது வழக்கம் என்று கோடு கிழிக்கும் அதிகாரம் யாருக்கு என்பதுதான் சண்டை. கால்டுவெல் தாராளமாகக் கோடு கிழித்தார். ஆனால் கோலைத் தன் கையிலேயே வைத்திருந்தார். சட்டாம்பிள்ளை கேட்டது அந்தக் கோலை.

இரண்டு கூட்டத்தாரையும் நாம் அறிய வந்த வழிகளும் வேறு வேறு. எபியோனியர் எழுதியவை அழிந்துவிட்டன. அவர்களைப் பழித்தவர்கள் பழிப்பதற்காக மேற்கோள் காட்டிய வரிகளிலிருந்துதான் அவர்களை மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது. இரேனேயுஸ் அவர்களை நேரில் கண்டாரா என்பதே ஐயம்; எபிபானியுஸ் கேட்டதையும் படித்ததையும் கலந்து எழுதுகிற ஆள். சட்டாம்பிள்ளையின் காலத்தில் பாளையங்கோட்டையில் அச்சுக்கூடம் இருந்தது. 1890இல் இந்து கிறிஸ்தவக் கோட்பாடுகளைச் சுருக்கி ஆங்கிலத்திலேயே நூலாக அச்சிட்டார். மிஷனரி படிக்கவேண்டும் என்பதற்காகவே மிஷனரியின் மொழி. குற்றப்பத்திரிகையும் குற்றம் சாட்டப்பட்டவரின் வாக்குமூலமும் நமக்கு ஒருசேரக் கிடைப்பது அபூர்வம்; திருநெல்வேலியில் கிடைத்திருக்கிறது. எபியோனியரைப் படிக்கிறவர்கள் பிரகாசபுரத்தையும் படிக்கவேண்டும் என்று நான் சொல்வதற்கு இது பெரிய காரணம். மதபேதக்காரர் என்று ஒதுக்கப்பட்டவர் தமக்காகத் தாமே பேசினால் வாதம் எத்தனை வேறாக ஒலிக்கும் என்று இங்கே காதால் கேட்கலாம்.

முடிவும் ஒன்றுபோல் இல்லை. எபியோனியரையும் நசரேயரையும் இரண்டு பக்கமும் நெருக்கின. ஜெப ஆலயங்களில் நாளுக்கு மூன்று முறை நசரேயரைச் சபித்தார்கள் என்று எபிபானியுஸும் ஜெரோமும் எழுதுகிறார்கள். திருச்சபையோ 325இல் நைசியாவில் பஸ்கா நாளை யூதக் கணக்கிலிருந்து பிரித்தது. அந்நூற்றாண்டிலேயே லவோதிக்கேயாவில் கூடிய சங்கம், கிறிஸ்தவர்கள் ஓய்வுநாளில் சும்மா இருக்கக்கூடாது, வேலை செய்யவேண்டும் என்று விதித்தது. ஐந்தாம் நூற்றாண்டுக்குப் பின் அவர்களைப் பற்றிய செய்திகள் தேய்ந்து போகின்றன. பிரகாசபுரம் சபையை யாரும் அப்படி நசுக்கவில்லை. பெரிய சபையே மெல்ல அதன் பக்கம் நகர்ந்தது. கீர்த்தனை, குத்துவிளக்கு, தரையில் அமர்ந்த ஜெபம் ஆகியவை 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் இன்று யாருக்கும் வியப்பில்லை. சித்தூர் சபைகளில் செருப்பை வெளியே விட்டு உள்ளே போவதற்கு ஒருவரும் யாத்திராகமத்தை மேற்கோள் காட்டுவதில்லை. சனிக்கிழமை மட்டும் வரவில்லை. சட்டாம்பிள்ளையின் சபை பிரகாசபுரத்தில் சிறிய அளவில் தொடர்கிறது.

நம் ஆந்திரத்திலோ இன்னொரு கூட்டம் இந்தப் பாதையில் மேலும் ஓரடி எடுத்து வைத்தது. குண்டூர்ப் பகுதியில் சேப்ரோலுக்கு அருகே கொத்தரெட்டிப்பாலெத்தில், கிறிஸ்தவத்தில் இருந்த மாதிகக் குடும்பங்கள் சில, தாங்கள் எப்பிராயீம் கோத்திரத்தார் என்று 1980களின் பிற்பகுதியில் அறிவித்துக்கொண்டன. ஜெப ஆலயம் கட்டி, எபிரெயம் கற்று, ஓய்வுநாள் ஆசரித்து, பெனே எப்ராயிம் என்ற பெயரில் வாழ்கின்றன. சட்டாம்பிள்ளை மோசேயைக் கடன் வாங்கிக் கிறிஸ்துவிடம் நின்றார். இவர்கள் கிறிஸ்துவைக் கடந்து மோசேயிடமே போய்விட்டார்கள். இஸ்ரவேல் அரசு அவர்களை யூதரென்று இன்னும் ஏற்கவில்லை.